கேஸ்கட் மேல தப்பில்ல!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கிரீஸ் வாசனையோட ஒரு வரலாறு.

வடசென்னை எஞ்சின் ஊரு. 1840-ல குதிரை வண்டி கட்டின சிம்ப்சன் கம்பெனி, 1950கள்ல பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்ய ஆரம்பிச்சது. எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் 1948-ல தொடங்கி, 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு. அதே 1955-ல திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்துச்சு. 1960-ல மாசி ஃபெர்குசன் கூட்டோட டாஃபே டிராக்டர் கம்பெனி பிறந்துச்சு, செம்பியத்துல தொழிற்சாலை. இத்தனை எஞ்சின் பிறக்கிற ஊர்ல சந்துக்கு ஒரு மெக்கானிக் இருக்க மாட்டாரா? திருவொற்றியூர்ல எங்க சித்தப்பாவும் அதுல ஒருத்தர்.

90கள் தொடக்கம். நான் ஸ்கூல் பையன். மீஞ்சூர் பக்கத்து விவசாயி ஒருத்தர் பழைய மூணு சிலிண்டர் டிராக்டரோட ஒரே வருஷத்துல மூணாவது தடவையா வந்து நின்னார்.

"இன்னா மேஸ்திரி, மறுபடியும் தண்ணி குடிக்குது!"

ரேடியேட்டர்ல குமிழி, ஆயில்ல வெள்ளை நுரை. ஹெட் கேஸ்கட் போயிடுச்சு. சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஒரு தகடுதாங்க அது. ஒரு பக்கம் வெடிக்கிற காத்து, இன்னொரு பக்கம் தண்ணி, ஆயில். மூணும் கலக்காம பாத்துக்கணும். டீசல்ல காத்தை 16-ல ஒரு பங்குக்கும் கீழ நசுக்குறதால அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி. ஹெட் ஒரு காகித கனம் வளைஞ்சாலே போதும், கசிஞ்சுடும்.

முதல் தடவை புது கேஸ்கட் மட்டும் மாத்தினாங்க. ரெண்டாவது தடவை ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் பண்ணாங்க, ஸ்டட் எல்லாம் புதுசு. நடுவுல ஆரம்பிச்சு வெளிய பாத்து டார்க் ரெஞ்சால படிப்படியா முடுக்கி, எஞ்சின் சூடானப்புறம் இன்னொரு தடவையும் முடுக்கியாச்சு. அப்படியும் கசிவு!

மூணாவது தடவை சித்தப்பா ஸ்பேனரை எடுக்கல. வண்டியில இருந்த தண்ணி கேனைத் திறந்து ஒரு சொட்டை நாக்குல வச்சார்.

"அண்ணே, இது எந்தத் தண்ணி?"

"நம்ம போர் தண்ணிதான்..."

உப்பு கரிச்சுது. ரேடியேட்டர் குழாய்ல பாதி உப்புப் படிவத்தால அடைச்சிருந்தது. பிளாக் மேல தண்ணி ஓட்டைகளைச் சுத்தி அரிச்சிருந்தது. எஞ்சின் கொதிக்குது, ஹெட் வளையுது, கடைசியில கேஸ்கட் பலியாகுது. எஞ்சின் மேலயும் குத்தமில்ல, கேஸ்கட் மேலயும் குத்தமில்ல.

அந்த உப்பு எப்படி வந்துச்சுங்கறதுதான் நிஜமான வரலாறு. கொசஸ்தலையாறு, ஆரணியாறு பகுதியில மணலுக்கு அடியில நல்ல தண்ணி கிடந்துச்சு. 1966 முதல் 1969 வரை ஐ.நா. உதவியோட ஆய்வு நடந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம்னு கிணத்து வயல்கள் வந்துச்சு. மெட்ராஸ் நகரமும் தொழிற்சாலைகளும் உறிஞ்சின, விவசாயிகளும் இறைச்சாங்க. நிலத்தடி நல்ல தண்ணிதான் கடலுக்கும் கிணத்துக்கும் நடுவுல இருந்த கேஸ்கட். அது இறங்க இறங்க, கடல் உள்ள கசிஞ்சுது. மீஞ்சூர் பக்கம் 1969-லேயே இதைக் கவனிச்சுட்டாங்க. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்துற சட்டம் வந்தது 1987-ல. அதுக்குள்ள உப்பு பல கிலோமீட்டர் உள்ள போயாச்சு. 2010-ல மீஞ்சூர் காட்டுப்பள்ளியில கடல்நீர்ல இருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்குற ஆலை திறந்தாங்க. மணல் இலவசமா செஞ்சுட்டிருந்த வேலைக்கு ஒரு தொழிற்சாலையே தேவைப்பட்டுச்சு!

சித்தப்பா ரேடியேட்டரைக் கழட்டி சுத்தம் பண்ணி, பிளாக்கைச் சமன்படுத்தி, "இனிமே மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்கண்ணே" ன்னார். அதுக்கப்புறம் டிராக்டர் கேஸ்கட்டுக்காக வரவே இல்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பெரியவரை கடைத்தெருவுல பாத்தோம். டிராக்டர் செங்கல் லோடு அடிக்குதாம். நெல் போடறதை விட்டுட்டாராம். "வண்டிக்கு ஒரு குடம் மழைத்தண்ணி போதும் மேஸ்திரி, நிலத்துக்கு எங்க போறது?" ன்னார். சித்தப்பா பதில் சொல்லல. டீ வாங்கிக் குடுத்தார்.

உங்க ஊர்ல கிணத்துத் தண்ணி ருசி மாறினது எந்த வருஷம்? வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதுங்களேன்.