படியும் மூலமும்: ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பும் செயற்கை நுண்ணறிவுக் காலக் கல்வியும்

புதுச்சேரியில் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அது 1846இல் கண்டறியப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. சென்னை அரசின் ஆணைப்படி, படியொன்றை அடிப்படையாகக் கொண்டு உருவான ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழறியாத வரலாற்றறிஞர்கள் அதனையே சார்ந்திருந்தனர். மூலம், படி, மொழிபெயர்ப்பு என்னும் இந்நிலைகள் ஒவ்வொன்றிலும் சொல் விடுபடவும் பொருள் திரியவும் இடமுண்டு. ஆகவே ஒப்புநோக்கல் இன்றியமையாததாயிற்று.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின் இவ்வரிசையில் நான்காம் நிலையொன்று சேர்ந்துள்ளது. மொழி மாதிரி, தான் பயின்ற தரவுகளைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து விடையமைக்கிறது. அத்தரவுகளில் ஆங்கிலமே மிகுதி. எனவே விடை மொழிபெயர்ப்பின் பார்வையைச் சார வாய்ப்புண்டு. நாட்குறிப்பில் இல்லாத பதிவை நாளோடு புனைந்து தருவதும் நிகழக்கூடும். படியெடுத்தவரின் பிழையை மற்றொரு படிகொண்டு திருத்தலாம். இத்தகைய புனைவை ஒப்பிடுவதற்குப் படியே இல்லை.

யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், கல்வியிலும் ஆய்விலும் இக்கருவிகளை மனிதரை மையமாகக் கொண்டு பயன்படுத்த வலியுறுத்துகிறது. வரலாற்று வகுப்பறையில் இதனைச் செயற்படுத்தும் வழி எளிது. மாணவர் கருவியின் விடையை நாட்குறிப்பின் தமிழ்ப் பதிப்போடு நாள்வாரியாக ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பதிவுசெய்து, கருவியைப் பயன்படுத்தியதை வெளிப்படையாகக் குறிப்பிடுதல் வேண்டும். சான்றுக்குரிய பொறுப்பு என்றும் ஆய்வாளருடையதே.