போதைப்பொருள் குற்றத் தண்டனைகள் (இலங்கை)

மூலச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984ஆம் ஆண்டுத் திருத்தம், 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்றது. 2022இல் ‘ஐஸ்’ எனும் மெத்தம்பெட்டமினும், 5 கிராம் தொடக்கம், இத்தண்டனைக்குள் சேர்ந்தது. முதற்குற்றத்துக்கே உச்சத் தண்டனை விதிக்கலாம். பொட்டலத்தின் மொத்த எடையல்ல, அரச பகுப்பாய்வாளர் அறிக்கை காட்டும் தூய அளவே வழக்கைத் தீர்மானிக்கும். இத்தகைய வழக்கில் நீதவானால், உதாரணமாக வெலிமடை நீதவானால், பிணை வழங்க முடியாது. சந்தேகநபரின் தோட்டத்துக் குடும்பம் நாட்சம்பளத்தை இழந்து, பிணை கேட்டு பதுளை மேல் நீதிமன்றத்துக்கு, சிலவேளை அதற்கும் மேலே, அலைய வேண்டும். ஏழைக்கு அது தீர்ப்புக்கு முந்திய தண்டனை. பாவனைக்கு அடிமையானோருக்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வழி தருகிறது. மரண தண்டனை சட்டத்தில் இருந்தாலும், 1976க்குப் பின் நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை.