நியூயார்க்கில் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயமான வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், வேலையிடத்தில் காயமுற்ற தொழிலாளி இழப்பீடு பெற வேண்டுமானால் முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மெய்ப்பித்த பின்னரும், விபத்தில் தொழிலாளிக்கும் பங்குண்டு என்றோ, உடன் பணிபுரிந்தவரின் பிழையே காரணம் என்றோ, ஆபத்தை அறிந்தே அவர் வேலையில் சேர்ந்தார் என்றோ வாதிட்டு முதலாளி பொறுப்பிலிருந்து விடுபட முடிந்தது. பிட்ஸ்பர்க் நகரம் அடங்கிய அலிகெனி மாவட்டத்தில் 1906-07இல் ஓராண்டுக்குள் வேலையில் உயிரிழந்த 526 பேரின் நிலையை ஆராய்ந்த கிரிஸ்டல் ஈஸ்ட்மன், அவர்களின் குடும்பங்களில் பலவற்றுக்குச் சொற்பத் தொகை கிடைத்தது அல்லது ஒன்றுமே கிடைக்கவில்லை என்று காட்டினார்.

அவர் செயலாளராக இருந்த ஆணையத்தின் பரிந்துரைப்படி, பாலக்கட்டுமானம், சுரங்கப்பாதை, ரயில்வே போன்ற ஆபத்து மிகுந்த சில தொழில்களில், யார் தவறு என்று பாராமல் முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டத்தை நியூயார்க் 1910இல் இயற்றியது. தவறிழைக்காதவரிடம் பணம் பெறுவது உரிய சட்ட நடைமுறையின்றிச் சொத்தைப் பறிப்பதாகும் என்று கூறி, மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று அதைச் செல்லாததாக்கியது. மறுநாள் மன்ஹாட்டனில் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 146 பேர் மாண்டனர். இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்தே பேசும் வழக்கம் உண்டு. ஆயினும் அச்சட்டம் நிலைத்திருந்தாலும் தையல் தொழில் அதன் கட்டாயப் பட்டியலில் இருக்கவில்லை என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

1913 நவம்பரில் வாக்காளர்கள் மாநில அரசமைப்பையே திருத்தியதால், 1914 ஜூலை முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன் உயிர்நாடி இழப்பீட்டுத் தொகையைவிடக் காப்பீட்டு நிபந்தனையிலேயே இருந்தது எனலாம். ஏனெனில், உரிமை ஏட்டில் இருந்தும் முதலாளி நொடித்துப்போனால் தொழிலாளியின் கைக்கு எதுவும் வராது. மாநிலம் நிறுவிய நிதியிலோ தனியார் நிறுவனத்திலோ காப்பீடு செய்வது, அல்லது இழப்பீட்டைத் தாமே ஏற்கும் வசதி தமக்கு உண்டென்று அதிகாரிகளிடம் நிறுவுவது என வழிகள் தரப்பட்டன. இவற்றுள் எதையும் செய்யாத முதலாளி மீது தொழிலாளி வழக்குத் தொடரலாம். அப்போது பழைய மூன்று எதிர்வாதங்களும் செல்லாது. காப்பீடு செய்தவருக்கோ வழக்கிலிருந்தே விடுதலை கிடைத்தது: வாரக்கூலியின் மூன்றில் இரு பங்கை உறுதியாகப் பெற்ற தொழிலாளி, பெருந்தொகை கோரும் உரிமையை இழந்தார்.

இந்தக் கொடுக்கல்வாங்கல் நியாயமானதே என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1917இல் ஏற்றுக்கொண்டது. பிற மாநிலங்களும் வெவ்வேறு வேகத்தில் தொடர்ந்தன. மிசிசிப்பி 1948இல் கடைசியாக இணைந்தது. டெக்சாஸில் மட்டும் தனியார் முதலாளிகள் இக்காப்பீட்டில் சேர்வது பொதுவாக இன்றும் அவரவர் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது.