கணக்கில் வராத அன்னையர்

முதல் உலகப் போரில் பிரான்சின் போர்முனையில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஓட்டுநர்களின் அமைப்பு, அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ். 1915இல் தொடங்கிய இவ்வமைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்டீஃபன் கலாட்டியின் தலைமையில் பள்ளி மாணவர் பரிமாற்றத்துக்கு மாறியது. 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்தார்கள். நாளடைவில், மாணவரைத் தம் பிள்ளையாக ஏற்கும் வீடுகளே இத்திட்டத்தைத் தாங்கி நின்றன.

ஓட்டுநர்களையும் தலைவர்களையும் வரலாறு பெயர்சொல்லிக் குறிக்கிறது. மாணவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார் அதிபர் கென்னடி. ஆனால், ஓராண்டு முழுக்கக் கூடுதலாக ஒரு தட்டு வைத்தது யார்? மொழி தெரியாமல் தடுமாறிய பதினாறு வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது விழித்திருந்தது யார்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். ‘குடும்பம்’ என்ற ஒற்றைச் சொல் அவளது பராமரிப்பு உழைப்பை விழுங்கிவிட்டது.

இம்மாணவர்களை ஏற்கும் குடும்பத்துக்குப் பணம் தரக்கூடாது என்பது அமெரிக்க விதி. அன்பு கூலிக்கானதல்ல என்பதில் நியாயம் இருக்கிறது. தகுதிபெற்ற அமைப்பின் வழியே வந்த மாணவருக்காகச் செய்த செலவில் மாதம் 50 டாலர் வரை நன்கொடையாகக் காட்ட வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. அரிசிக்கும் பாலுக்கும் கொடுத்த பணம் அதில் சேரும். சமைத்த நேரம் சேராது.

ஓட்டுநர்களும் தன்னார்வத்தில் வந்தவர்களே. அதைத் தியாகம் என்று எழுதிவைத்தோம். அன்னையர் செய்ததை இயல்பு என்று விட்டுவிட்டோம். இந்த வரலாற்றை இனி எழுதப்போகும் மாணவி, அவர்களின் கடிதங்களிலிருந்தும் வீட்டுச் செலவுக் குறிப்புகளிலிருந்தும் தொடங்கட்டும்.