இலவசக் குடை: தூத்துக்குடிக் கப்பல் கட்டணப் போர் குறித்துச் சில சிந்தனைகள்

அண்மையில் நண்பர் ஒருவர் குடும்பத்துடன் உல்லாசக் கப்பலில் சென்றுவர விரும்பி, அதன் கட்டண விவரத்தைக் கொணர்ந்து காட்டினார். படுக்கை, மூவேளை உணவு, நீச்சல் குளம் ஆகியவை கட்டணத்துள் அடங்கும். மது, குளிர்பானம், இணைய இணைப்பு, கரையிறங்கிச் சுற்றிப் பார்ப்பது, பணியாளர் அன்பளிப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு. "இவ்வளவு வாங்கிட்டு ஒரு காப்பிக்குக்கூடத் தனிக்காசா?" என்று அலுத்துக்கொண்டார். அவர் பாளையங்கோட்டைக்காரர். "உங்கள் பக்கத்துத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் கப்பலில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தார்களே" என்றேன். "அப்புறம் என்ன அண்ணாச்சி, அதுல்லா நல்ல காலம்!" என்றார்.

அந்த மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணம். அது நல்ல காலந்தானா என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

பொருநை என்னும் தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அக்கடலுக்கு அப்பாலுள்ள தீவுக்கும் பழங்காலத்தில் இதே பெயர்தான் வழங்கிற்று. அசோகரின் கல்வெட்டுகள் இலங்கையைத் தம்பபண்ணி என்றே குறிக்கின்றன. ஆற்றின் முகத்தில் கொற்கை முத்துத் துறையாக விளங்கிய நாள் தொட்டு இவ்விரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்து இருந்துகொண்டே வந்துள்ளது. கொற்கையின் துறை தூர்ந்தபின் காயல், அதன்பின் தூத்துக்குடி எனத் துறைமுகம் இடம்மாறியதே தவிர, வழி மாறவில்லை.

1870களில் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. அதன்பின் நெல்லைச் சீமையிலிருந்து கொழும்புக்குப் போவது ஒரு புகைவண்டிப் பயணமும் ஓர் இரவுக் கப்பல் பயணமுமாகச் சுருங்கிற்று. 1914-இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை சென்னையிலிருந்து இலங்கை செல்வோருக்கும் தூத்துக்குடியே வாயில். கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்களும், தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிச் சென்ற கூலிகளும், இரு கரையிலும் உறவு வைத்திருந்த குடும்பங்களும் இவ்வழியே சென்றனர். அந்த வழியைத் தன் கைக்குள் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி.

அக்காலக் கப்பல் கட்டணத்துள் எவை அடங்கின என்பது பயணி எந்தத் தளத்தில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. கடலோடிக் கம்பெனிகளுள் பெரியதான பி. அண்ட் ஓ., பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், முதல் வகுப்பினருக்கு உணவோடு ஒயின், பீர், சாராய வகைகளையும் கட்டணத்துள்ளேயே வழங்கியது. கட்டணமோ மிகப் பெரிது. குடிக்காதவரும் குடிப்பவருக்காகச் செலுத்தினார் என்று கொள்க. பின்னாளில் போட்டி வலுத்துக் கட்டணம் இறங்கியபோது மது தனிக் கணக்காயிற்று. இன்று என் நண்பரை அலுக்கவைத்த பட்டியலின் மூதாதை அதுவே.

மேல்தளத்துச் சாதாரணப் பயணிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. அவர் கட்டணம் பொதுவாகப் பலகையில் படுக்க ஓர் இடத்துக்கு மட்டுமே. கட்டுச்சோறும் பாயும் அவரே கொண்டுவர வேண்டியவை. தூத்துக்குடியோ குடிநீருக்குத் தவித்த ஊர். நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவந்தது பிற்பாடு நிகழ்ந்தது. 1906-இல் கொழும்புக் கப்பலேறிய நெல்லைக் கூலிக்காரர் ஆற்றைப் பின்னே விட்டுவிட்டு, நீரற்ற கரையில் காத்திருந்து, வெயிலும் மழையும் நேரே இறங்கும் தளத்தில் இரவைக் கழித்தார். இக்காட்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் வரும் குடையின் பொருள் விளங்கும்.

ஒட்டப்பிடாரம் வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று முயல, சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய்; பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் ஆதரவு திரட்டினார். தொடக்கத்தில் குத்தகைக்கு எடுத்த கப்பல்களை பி.ஐ. கம்பெனியின் நெருக்குதலால் இழந்த பின்னர், 'கேலியா', 'லாவோ' என்னும் சொந்தக் கப்பல்கள் வாங்கப்பட்டன. முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் என்பது கப்பலொன்றின் கொள்ளளவாகக் கூறப்படும் கணக்கு. இக்கம்பெனி யாரை நம்பி மிதந்தது என்பதற்கு இவ்வெண்களே சான்று. மேல்தளத்தில் கட்டுச்சோற்றுடன் அமர்ந்திருந்தவர்களே அதன் வருவாய்.

போட்டியும் அவர்களை நோக்கியே நடந்தது. பி.ஐ. கம்பெனி தன் கட்டணத்தை ஒரு ரூபாயாக, அதாவது 16 அணாவாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. வெள்ளையர் கம்பெனி அடுத்து ஏற்றுகூலியே வேண்டாம் என்றது. போதாதென்று பயணிக்கு ஒரு குடையையும் இலவசமாகக் கொடுத்தது. கட்டணம் பூச்சியத்துக்கும் கீழே போயிற்று என்றே சொல்லவேண்டும். பயணி கம்பெனிக்குக் கொடுப்பது நின்று, கம்பெனி பயணிக்குக் கொடுப்பது தொடங்கிவிட்டது.

இக்கதையை நாம் மேடைகளில் கேட்கும்போது குடை வாங்கியவர் துரோகி, வாங்காதவர் தேசபக்தர் என்று எளிதில் பிரித்துவிடுகிறோம். அப்படிப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இதே நிலப்பகுதிக்கு அண்டையிலிருந்த தென் திருவிதாங்கூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் முதலிய சமூகத்தார் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்ற தடைகள் இருந்தன. குடை என்பது மழைக்கான கருவி மட்டுமன்று. யார் யாருக்கு முன் தலைநிமிரலாம் என்பதன் அடையாளமுமாகும். தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட ஒன்றைக் கப்பற்காரன் பேரன் கையில் கொடுக்கிறான். அவன் அதை வாங்கிக்கொண்டால் நாம் என்ன குற்றம் காண முடியும்?

தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற கூலியின் கணக்கு இன்னும் சிக்கலானது. அவர் வழிச்செலவைக் கங்காணி முன்பணமாகக் கொடுப்பார்; அது கடனாகப் பேரேட்டில் ஏறும். எட்டணா குறைந்தால் கடனில் எட்டணா குறையுமா, அல்லது கங்காணியின் மடியில் எட்டணா கூடுமா என்பது கூலியின் கையில் இல்லை. குடை மட்டும் அவர் கைக்கே வரும் பொருள். எனவே பி.ஐ. கம்பெனி தேர்ந்தெடுத்த அன்பளிப்பு விவரமறிந்த அன்பளிப்பு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் கேள்வி வேறு. அந்தக் குடைக்குக் காசு எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண வங்கத்துக்கு ஒரு முறை சென்றுவர வேண்டும். தூத்துக்குடிக்குச் சுமார் இருபதாண்டுகளுக்கு முன்பே, 1880களில், ரவீந்திரநாத் தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாத் குல்னா, பாரிசால் ஆற்றுவழியில் கப்பல் ஓட்டினார். எதிரே ஐரோப்பியக் கம்பெனி. அங்கும் கட்டணம் இறங்கி இறங்கி இல்லாமலே போனது. தேசபக்தத் தொண்டர்கள் கொடியும் பாட்டுமாகப் பயணிகளை ஊர்வலமாக அழைத்துவந்து இந்தியக் கப்பலில் ஏற்றினர். பயணம் இலவசம் என்பதோடு சிற்றுண்டியும் இலவசமாயிற்று. ரவீந்திரர் தம் நினைவுக் குறிப்புகளில் இதை நகைச்சுவையோடும் உள்ளார்ந்த வலியோடும் எழுதியிருக்கிறார். பாட்டின் சுருதி ஏறினாலும் கணக்கேட்டின் கூட்டல் மாறவில்லை என்பது அவர் சொல்வதன் சாரம். முடிவில் ஒரு கப்பல் ஹௌரா பாலத்தில் மோதி மூழ்க, அம்முயற்சியும் முடிந்தது.

வங்கத்தில் சுதேசிக் கப்பல் சிற்றுண்டி கொடுத்தது. தூத்துக்குடியில் பரதேசிக் கப்பல் குடை கொடுத்தது. கொடுத்த கை வேறு, விளைவு ஒன்று. இரண்டு இடத்திலும் வென்றது ஆழமான பணப்பையே. பி.ஐ. கம்பெனி 1856-இல் வில்லியம் மக்கின்னன் தொடங்கியது. 1862 முதல் அப்பெயரால் வழங்கியது. அரசின் தபால் ஒப்பந்தங்களின் துணையில் வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை வைத்திருந்தது. கொழும்பு வழியில் ஏற்படும் நட்டத்தைப் பிற வழிகளின் இலாபம் ஈடுசெய்யும். இரண்டு கப்பல்களை மட்டும் கொண்ட சுதேசிக் கம்பெனிக்கு ஈடுசெய்ய வேறு கடலே இல்லை. நட்டம் ஒவ்வொன்றும் 25 ரூபாய்ப் பங்கு வாங்கிய வணிகரின் முதலிலிருந்தே கழிந்தது.

இன்னொன்றையும் நோக்கலாம். தூத்துக்குடியில் பி.ஐ. கம்பெனியின் முகவர்கள் ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனத்தார். பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்வீழ்ச்சியைக் கொண்டு பஞ்சாலை நிறுவியவர்களும், தூத்துக்குடி கோரல் ஆலையை நடத்தியவர்களும் அவர்களே. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வேலைநேரக் குறைப்பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றனர். கப்பலில் குடையை இலவசமாக வழங்கிய வணிகக் கூட்டு, ஆலையில் ஞாயிற்றுக்கிழமையை இலவசமாக வழங்க முன்வரவில்லை. அதைத் தொழிலாளர் போராடித்தான் பெற்றனர். வாடிக்கையாளராக வரும் ஏழைக்கு அன்பளிப்பு, தொழிலாளியாக வரும் அதே ஏழைக்குக் கண்டிப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அன்பளிப்பின் உண்மை எடை தெரியும்.

பிறகு நிகழ்ந்தது அனைவரும் அறிந்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை நாடுகடத்தல் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டபோதும், கோவைச் சிறையில் செக்கிழுத்தார் கப்பலோட்டியவர். ஆ. இரா. வேங்கடாசலபதிக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' இந்நாட்களைப் பற்றியதே. தலைவரை இழந்த கம்பெனி தடுமாறி, 1911-இல் கலைக்கப்பட்டது. எனவே கட்டணம் மட்டுமே கம்பெனியைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன்; சிறையும் சேர்ந்து கொன்றது. ஆனால் சிறைக்கதவு மூடுமுன்பே குடை தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. போட்டி இருந்தவரைதான் அக்குடைக்கு ஆயுள். வழி மீண்டும் ஒரே கைக்குள் வந்தபின் பயணிக்குக் குடை கொடுக்க எவருக்கும் என்ன காரணம் இருக்கும்?

அண்மைக் காலத்திலும் இவ்வழி கட்டணக் கணக்கில் தடுக்கிக்கொண்டே இருக்கிறது. 2011 ஜூன் 13 அன்று 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. போதிய பயணிகளின்றி அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம், காங்கேசன்துறைச் சேவை சலுகைக் கட்டணத்தில் ஆரவாரமாகத் தொடங்கியது. வழக்கமான கட்டணம் வரி உட்பட 7,670 ரூபாய் என்றதும் ஆரவாரம் அடங்கியது. அம்மாதத்திலேயே சேவை நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வேறு கப்பலோடு மீண்டும் தொடங்க முடிந்தது. தொடக்கநாள் சலுகையைப் பற்றி எழுதியவர் பலர். நூறாவது நாள் கப்பல் புறப்படுமா என்று கேட்டவர் சிலரே.

கப்பல் கட்டணத்துள் எவை அடங்கவேண்டும் என்று நண்பர் மீண்டும் கேட்டால் என் விடை இதுதான். குடிநீர், தலைக்கு மேல் ஒரு கூரை, மனிதராக நடத்தப்படும் மரியாதை ஆகிய மூன்றும் எந்தத் தளத்துப் பயணிக்கும் தனிக் கணக்கின்றிக் கிடைக்கவேண்டும். மதுவும் மற்றவையும் விரும்புவோர் செலவாக இருப்பதில் பிழையில்லை. இவற்றுக்கும் மேலாக, அடுத்த வாரமும் அதே துறையில் ஒரு கப்பல் நிற்கும் என்ற உறுதிக்கான விலையும் கட்டணத்துள் இருக்கவேண்டும். சுதேசிக் கம்பெனியின் எட்டணாவில் அந்த உறுதிக்கு ஒரு காசேனும் ஒதுங்க இடமிருந்ததா என்பது ஐயமே. குடையோடு வந்த இலவசச் சீட்டோ அவ்வுறுதியை அழிக்கவென்றே அச்சிடப்பட்டது.

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ.உ. சிதம்பரனார் துறைமுகம் என்று வழங்குகிறது. பெயரைச் சூட்டிவிட்டோம். நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அவர் சற்று நேரம் பட்டியலையே பார்த்திருந்துவிட்டு, "காப்பிக்குக் காசு வாங்கட்டும் அண்ணாச்சி, அடுத்த வருசமும் கப்பல் ஓடணும்லா" என்றார்.