இரட்டையர் பிரிந்த கதை

1841 ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து மொசாண்டர் தாம் கண்ட புதிய பொருளைத் தனி மூலகமெனக் கருதி, இலந்தனத்தோடு ஒட்டிப் பிறந்ததென்பதனால் ‘டிடிமியம்’ எனப் பெயரிட்டார். இரட்டைப்பிள்ளை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அப்பெயர் அவர் எண்ணாத வகையிலே மெய்யாயிற்று! 1885 இல் வியன்னாவிலே அவுவர் என்னும் இரசாயனர் அதன் உப்பைக் கரைத்துப் பளிங்காக்கி, மீண்டும் கரைத்துப் பளிங்காக்கி, ஓயாது முயன்றார். அம்முயற்சியைக் கண்டுபிடிப்பினும் பெரிதென்பேன். ஒரு பங்கு பசுமையாயும் மற்றையது ஊதா கலந்த இளஞ்சிவப்பாயும் பிரிந்தன. பிரசியோடிமியம், நியோடிமியம் என்பன அவை.

இவற்றின் நிறத்துக்குக் காரணமான இலத்திரன்களை வெளியோடுகள் காத்து நிற்கின்றன. ஆதலின் பளிங்கினுள்ளும் அவை தம் இயல்பைப் பெரிதும் இழப்பதில்லை. 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் யிற்றியம் அலுமினியம் கார்னெட் பளிங்கிலே சிறிது நியோடிமியம் கலந்து, 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தோன்றாத இலேசர்க் கதிரைப் பெற்றனர். கண்புரைச் சிகிச்சைக்குப் பின் சிலருக்கு மங்கிவிடும் சவ்வை இன்று கத்தியின்றித் திறப்பது அக்கதிரே.