மூன்றில் ஒரு மில்லிமீட்டர்

ஜோசப்-ஃப்ரெதெரிக்-பெனுவா ஷாரியேர் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? 1803-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பாரீஸில் கத்தி செய்பவரிடம் தொழில் பழகி, பிறகு அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்து பேர் வாங்கினார். உடம்புக்குள் செலுத்தும் குழாய்களின் பருமனுக்கு அவர் ஓர் அளவு வகுத்தார். எண் ஒன்று கூடினால் விட்டம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கூடும். ஆறாம் எண் என்றால் 2 மில்லிமீட்டர். பிரான்சில் அந்த அளவுக்கு இன்றும் 'ஷாரியேர்' என்றே பெயர். ஆங்கிலேயர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லையோ என்னவோ, 'ஃப்ரெஞ்ச்' என்று சொல்லிவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்கு மூளைத் தமனியில் புடைப்பு. மண்டையைத் திறக்க வேண்டாம், தொடை வழியாகவே போய் அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். பேச்சோடு 'டூ ஃப்ரெஞ்ச்' என்றார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான், சும்மா இருப்பேனா? தம்பி நலமாக வீடு திரும்பிய பிறகு தேடிப் படித்தேன்.

1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். 1953-இல் ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர், ஊசிக்குள் கம்பியை விட்டு, ஊசியை உருவி, கம்பியின் மேலேயே குழாயைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். தொடையிலிருந்து கழுத்துவரை போக வழி கிடைத்தது.

தலைக்குள் போவதுதான் சங்கடம். அங்கே தமனிகள் நூல்போல மெலிந்து, பாம்புபோல வளைந்து கிடக்கின்றன. விறைப்பான குழாய் வளையாது. மெத்தென்ற குழாய், தள்ளினால் ஈரக் கயிறுபோலச் சுருண்டுகொள்ளும். மாஸ்கோவில் செர்பினென்கோ குழாயின் நுனியில் சின்னஞ்சிறு பலூனைக் கட்டினார். ரத்த ஓட்டமே அதை இழுத்துப் போனது. ஆனால் ஓட்டம் எங்கே வேகமோ அங்கேதான் அது போகும்.

1980-களில் அமெரிக்காவில் விடை கிடைத்தது: கைப்பக்கம் விறைப்பு, நுனியை நெருங்க நெருங்க மென்மை, உள்ளே மெல்லிய கம்பி. கம்பி வழியைத் தேர்ந்தெடுக்கும், குழாய் பின்தொடரும். நுனியின் பருமன் ஏறத்தாழ இரண்டு ஷாரியேர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 1990-இல் இத்தாலியரான குக்லியெல்மி, அப்படிப்பட்ட குழாய் வழியே பிளாட்டினக் கம்பிச் சுருளை அனுப்பி, லேசான மின்சாரத்தால் கழற்றி, நோயாளியின் புடைப்பை அடைத்தார்.

ஷாரியேர் இறந்தது 1876-இல். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 19 ஆண்டுகள் இருந்தன. மூளைக்குள் குழாய் போகும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க முடியாது. கோப்புகளுக்கு எண் போட்டே காலத்தை ஓட்டிய குமாஸ்தா நான். சரியாகப் போட்ட எண் போட்டவனைவிட நீண்ட நாள் வாழும் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.